தகரம் வேர்க்கும் வீடுகள்

தொழிற்பயிற்சிப் பாடத்திட்டம் வகுக்கிறவர்களுக்கும், தோட்ட வீடமைப்பைக் கவனிக்கிற அமைச்சு அதிகாரிகளுக்கும், பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஒரு மேசன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதினெட்டு வயதில் கொழும்புக்குக் கையாள் வேலைக்குப் போனவன். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மாடிமேல் மாடியாகப் பூசித் தள்ளிவிட்டு, இப்போது ஊரோடு வந்து சேர்ந்திருக்கிறேன். எழுதிப் பழக்கம் அதிகமில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பற்றிச் சொல்வதில் பிழை இருக்காது என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் பக்கம் ஒரு கூட்டம் நடந்தது. கட்டடத் தொழிலாளர்களுக்குப் 'பசுமைத் திறன்' பயிற்சி வரப்போகிறது, பழைய கட்டடங்களைச் சுற்றாடலுக்கு ஏற்றபடி திருத்துகிற வேலைக்கு இனி நிறைய ஆள் தேவைப்படும் என்றார்கள். நல்ல செய்தி, கைதட்டினோம். அப்புறம் திரையில் படம் காட்டினார்கள். கண்ணாடி வைத்த உயரக் கட்டடம், மொட்டைமாடியில் புல், கூரை நிறையச் சூரியத் தகடு, ஏசி செலவைக் குறைப்பது எப்படி என்று ஒரு கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என் காதில் கேட்டான்: "அண்ணே, நம்ம வீட்டுல ஏசி எங்கண்ணே இருக்கு?"

"வீடு பூராவும் ஏசிதான்டா" என்றேன். சத்தமாகச் சிரித்துவிட்டான். மேடையில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் விஷயமும் அதுதான். கொழும்பில் வீட்டுக்கு எதிரி வெயில். எங்களுக்கு எதிரி ஈரம், அதற்கு அடுத்தது புகை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி கிடக்கும். எங்கள் பக்கம் அவ்வளவு உயரமில்லை. ஆனால் மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால், பள்ளிக்கூடத்துச் சட்டையை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்தான் காயப்போட வேண்டும். பிள்ளைகள் புகை வாசனையோடு வகுப்புக்குப் போவார்கள். வெயிலைத் தடுக்க எழுதிய பாடத்தை அப்படியே மலைக்கு ஏற்றிவந்தால் அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

என் அம்மா இருக்கிற காம்பராவின், அதாவது ஒற்றை அறை வீட்டின், சுவரைப் பற்றிச் சொல்கிறேன். அந்தச் சுவரைக் கெடுத்தது நான்தான்.

எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடு, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை, மேலே தகரம். சுவர் கருங்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண்ணும் சுண்ணாம்பும். 2011இல் தீபாவளிக்கு வந்தபோது கையில் கொஞ்சம் காசு இருந்தது. பழைய பூச்சு பொரிந்து அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கொத்திப் போட்டுவிட்டு, கொழும்பில் பழகின கையால், ஒரு பங்கு சீமெந்துக்கு நாலு பங்கு மணல் கலந்து, தளதளவென்று சீமெந்துப் பூச்சுப் பூசினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. லயமே வந்து பார்த்தது. "எங்களுக்கும் பூசிக் குடு தம்பி" என்று நாலு வீட்டில் கேட்டார்கள். பூசிக் கொடுத்தேன், காசும் வாங்கினேன்.

இரண்டு மழைக்காலம் போனது. சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அப்புறம் முழங்கால் உயரத்துக்குக் கருப்பாக ஒரு கோடு, அடுத்த வருடம் அது இடுப்பளவுக்கு ஏறியது. விரல் மடக்கித் தட்டினால் பூச்சுக்குப் பின்னால் டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்கும். ஒரு மூலையில் உளியை வைத்து நெம்பினேன். தட்டுப்போலக் கழன்று விழுந்தது. பின்னால் இருந்த மண்சாந்து புட்டு மாவு மாதிரி கையோடு வந்தது. அம்மா கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார். ஏன் என்று அதுவரை நான் கேட்கவே இல்லை.

மேல் லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தோட்டத்து மேசனாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டிவந்து காட்டினேன். சுவரை ஒரு தடவு தடவிவிட்டுச் சொன்னார்: "செவுத்துக்குப் படங்கு கட்டிவிட்டிருக்கியேடா. உள்ளுக்குள்ள வேர்க்காதா?"

மழையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் இடுப்பில் படங்கு கட்டுவார்கள். வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே வேர்க்கிற வேர்வை வெளியே போகாது. நான் செய்த வேலையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. பழைய கல்சுவருக்குக் கீழே ஈரம் தடுக்கிற படை எதுவும் கிடையாது. தரையின் ஈரத்தை அது எப்போதும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சீமெந்து வாயை அடைத்துவிடும். வழி தேடி ஈரம் மேலே ஏறும், உள்ளே இருக்கிற மண்சாந்தைக் கரைக்கும். பூச்சு பார்க்க அழகாகவே இருக்கும், அதற்குப் பின்னால் சுவர் செத்துக்கொண்டிருக்கும்.

அதைத் திருத்த நாலு மாதம் ஆனது. சீமெந்தை முழுக்கக் கொத்தி எடுத்தோம். வீட்டின் பின்புறம் மண் சரிந்து சரிந்து, வெளித்தரை உள்தரையைவிட ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. அதை வெட்டி அள்ளி, சுவரோடு ஒட்டித் தண்ணீர் வடிகிற ஒரு கான் எடுத்து, சல்லிக்கல் போட்டு, தண்ணீரைத் தேயிலைக் கானோடு சேர்த்தோம். அந்த வேலை என் அப்பாவுடையது. அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் கான் வெட்டியவர். மட்டக்குழாய் எதுவும் கேட்கவில்லை. மண்வெட்டியோடு நின்று சரிவைக் கண்ணால் பார்த்துவிட்டு, "தண்ணி இப்பிடித்தான் போகும்" என்றார். அப்படித்தான் போனது. பிறகு ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் சுவரைச் சும்மா காயவிட்டோம். எனக்குத்தான் பொறுமை இல்லை. பெரியவர் விடவில்லை. அதற்குப் பின்புதான் ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்புச் சாந்து, மூன்று தடவையாக, மெல்லிசு மெல்லிசாக, நனைந்த சாக்கால் மூடி மூடி.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம், இளம் மேசன்மாருக்காகச் சொல்லிவைக்கிறேன். தோட்ட ஸ்டோரில் இருக்கிற டொலமைட் மூட்டை பூசுகிற சுண்ணாம்பு இல்லை. அது தேயிலை மண்ணுக்குப் போடுகிற சுடாத கல்லுத்தூள், இறுகாது. எங்கள் பக்கம் ஒருவர் அதைக் கலந்து பூசி, முதல் சாரலிலேயே மாவாக வழிந்து ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் சுவர் முழுக்கக் காய்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் கணுக்கால் அளவுக்கு இன்னும் நிறம் மாறும். ஆனால் கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நான் காசு வாங்கிப் பூசிய அந்த நாலு வீட்டில் இரண்டைத்தான் திருத்திக் கொடுக்க முடிந்திருக்கிறது. மற்ற இரண்டு பாக்கி இருக்கிறது.

இதைத்தான் பசுமைத் திறன் என்று நான் நினைக்கிறேன். ஒரு மூட்டை சீமெந்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய 2022ஆம் வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உலகம் முழுக்க வெளியாகிற கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலில் இருந்து வருகிறது என்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்குத் தூரம். தேவையில்லாத இடத்தில் சீமெந்து போட்டுச் சுவரையும் கெடுத்து, ஏழையின் காசையும் கெடுத்தவன் நான் என்பதுதான் எனக்குக் கிட்டத்தில் இருக்கிற கணக்கு.

கூரைக்கு வருகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு லயத்துக் காம்பராவில் படுத்துப் பாருங்கள். ஆறு பேர் விடுகிற மூச்சும் ராத்திரி வைத்த சோற்று ஆவியும் மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகி, சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழும். வெளியே மழை இருக்காது. "தகரம் வேர்க்குது" என்று சொல்வோம். சனங்கள் என்ன செய்கிறார்கள்? உரச் சாக்கையும் பொலித்தீனையும் சேர்த்துக் கூரைக்குக் கீழே ஆணியடித்துவிடுகிறார்கள். சொட்டுவது நிற்கும். அந்தச் சாக்குக்கு மேலே எலி ஓடும். எலி ஓடுகிற அதே இடத்தில்தான் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு இழுத்த மின்சார வயரும் கிடக்கிறது.

பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருப்பீர்கள், 'லயன் குடியிருப்பில் தீ, மின்கசிவு காரணம்' என்று. ஒரு வீட்டில் பிடித்தால் பத்து வீடு எரிகிறது. பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களை மறைக்கிற குறுக்குச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை, பாதியில் நின்றுவிடும். மேலே ஒரே வெளி, தீ அதற்குள்ளே ரயில் மாதிரி ஓடும். அந்தச் சுவரைக் கூரை வரை ஏற்றிக் கட்டுவது ஒரு மேசனுக்கும் ஒரு கையாளுக்கும் இரண்டு நாள் வேலை.

தகரத்துக்குக் கீழே காற்று ஓட இடம் விட்டு வெப்பம் காக்கிற தகடு அடிக்கலாம். கடையில் கிடைக்கிறது, கொழும்பில் நானே எத்தனையோ வீட்டுக்கு அடித்திருக்கிறேன். ஆனால் அடுப்புப் புகை போக வழி செய்யாமல் சீலிங் அடித்தால் காம்பரா புகைக்கூண்டாகிவிடும். வயரை மாற்றாமல் அடித்தால் நெருப்புக்குக் கூரை போட்ட மாதிரி. பின்பக்கத்து மண்ணை வெட்டாமல் சுவரைப் பூசினால் நான் செய்த அதே கூத்துதான். முதலில் கான், அப்புறம் வயர், அப்புறம் புகைபோக்கி, சுவர் காய்ந்த பிறகு பூச்சு, கடைசியில்தான் கூரை. இந்த ஒழுங்கைத்தான் பழக்கவேண்டும். தனித்தனி வேலை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எதை எதற்கு முன்னால் செய்வது என்பதுதான் தெரியாது. அது தெரியாத மேசனும், எலெக்ட்ரீசியனும், தச்சனும் ஒரே வீட்டுக்கு ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒருவர் செய்ததை மற்றவர் கெடுத்துவிட்டுப் போகிறார்கள்.

புகைபோக்கிக்கும் பாடத்தில் இடம் வேண்டும். அனகி என்கிற களிமண் அடுப்பு வந்து பல காலமாகிறது. இரண்டு பானை வைக்கலாம், விறகும் மிச்சம். ஆனால் தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்து வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சி ஈரத்தோடு எரிகிற குசினியில், அடுப்பு எதுவானாலும் புகை போக வழி வேண்டுமே. முதுகோடு முதுகாக ஒட்டிய இரட்டை லயங்களில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. அங்கே புகைபோக்கியை எங்கே எடுப்பது, தகரத்தைத் துளைக்கிற இடத்தில் மழைத் தண்ணீர் இறங்காமல் எப்படி அடைப்பது என்பதெல்லாம் செய்து பார்த்துத்தான் பழகமுடியும். பத்துப் புகைபோக்கி வைத்துக் கொடுத்தால் அதில் ஆறு ஒழுகும். ஒழுகுகிறதே என்று சனங்கள் சாக்கை வைத்து அடைத்துவிடுவார்கள்.

அஸ்பெஸ்டஸ் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பழைய தகரத்தைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் போடுவதைத்தான் 'கூரை திருத்துவது' என்று எங்கள் சனங்கள் நம்பிவிட்டார்கள். சத்தம் இல்லை, வேர்ப்பதும் குறைவு. அதை வெட்டுகிற நாளில் வந்து பார்த்தால் தெரியும். கிரைண்டரைப் போட்டால் வெள்ளைப் புகை மாதிரித் தூசு எழும்பும், வெட்டுகிறவன் மூக்கில் கைலேஞ்சி கட்டியிருப்பான், கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் வெட்டியிருக்கிறேன், அந்தக் கையோடு பாணும் தின்றிருக்கிறேன். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரலாம் என்பதை எனக்கு எந்த வேலைத்தளத்திலும் யாரும் சொன்னதில்லை. நனைத்துக் கைரம்பத்தால் அறுக்கவேண்டும், கழற்றும்போது உடைக்காமல் ஆணியை எடுக்கவேண்டும், உடைந்த துண்டைப் பொலித்தீனில் கட்டிவைக்க வேண்டும், துணிக்கட்டு போதாது என்று சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும்.

அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்த அரசாங்கம் முடிவு செய்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலையில் ஒரு வண்டு இருந்தது என்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் நமக்கு வருவதும் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்துதான். உடனே இங்கே அந்தக் கட்டுப்பாடு தள்ளிவைக்கப்பட்டது, அங்கேயும் தேயிலைத் தடை நீக்கப்பட்டது. எங்கள் அம்மாமார் பறித்த கொழுந்துக்கு ஈடாக எங்கள் கூரைக்கு வந்த சாமான் அது. பெரிய இடத்து வியாபாரத்தைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. ஆனால் அதை வெட்டுகிறவனுக்கு ஒரு நல்ல மூக்குமூடியும் அரை நாள் வகுப்புமாவது அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கவேண்டும்.

சரி, இனி நீங்கள் கேட்கத் தயங்குகிற கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஆட்களே என்னிடம் நேராகக் கேட்டிருக்கிறார்கள். "லயத்தைத் திருத்தச் சொல்றியே, அப்ப நாங்க சாகிற வரைக்கும் லயத்துலயே கிடக்கிறதா?"

நியாயமான கேள்வி. எங்கள் முன்னோர் இந்த மலைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் லயத்துக்குப் பெயின்ட் கேட்டு நடக்கவில்லை. காணி கேட்டார்கள், சொந்த வீடு கேட்டார்கள். ஆகவே எழுத்தில் சொல்லிவைக்கிறேன், இந்த மடலைக் காட்டி யாரும் 'லயத்தைத் திருத்தினால் போதும், வீடு தேவையில்லை' என்று சொல்லக்கூடாது. ஏழு பேர்ச் காணியும் அதற்கு உறுதிப்பத்திரமும் தனி வீடும் எங்கள் உரிமை.

ஆனால் 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்று விசிலடித்தவன். அந்த வேலைக்கு அடிக்கல் விழவே 2024 ஆகிவிட்டது. நடுவில் ஏழு மழைக்காலம். அந்த ஏழு மழையிலும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள், சுவாசம் முட்டியவர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கிற காலத்துக்கும் காய்ந்த சுவர் வேண்டும் அல்லவா? இன்னொன்று, கட்டிக் கொடுத்த புது வீடுகளும் வேர்க்கின்றன. 550 சதுர அடி, சீமெந்துக்கல் சுவர், மெல்லிய கூரை, சரிவை வெட்டிய இடத்தில் நிற்கும் பின்சுவர். பத்து வருடம் போனால் அவற்றுக்கும் இதே வைத்தியம்தான் தேவைப்படும். இன்றைக்குப் பழகுகிற மேசனுக்கு அந்த வேலையும் காத்திருக்கிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், பழைய பங்களா, ஹோட்டல் என்று எல்லாம் மலையில்தானே நிற்கின்றன. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை, அதன் எலும்புக்கூட்டை அப்படியே வைத்து ஹோட்டலாக்கவில்லையா? வெளிநாட்டார் வந்து கூரையைப் பார்த்துப் படம் பிடிக்கிறார்கள். பழையதைத் திருத்துவது பணக்காரன் செய்தால் கலை, ஏழைக்குச் செய்தால் ஏமாற்று என்று ஆகிவிடக்கூடாது.

திருத்தவே கூடாத வீடும் உண்டு, அதையும் பாடத்தில் சேருங்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை மலையகத்தையே உலுக்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கிறது, நல்லது. ஆனால் வீட்டுக்கு வீடு ஏறி இறங்குகிறவன் மேசன். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் இறுகினால், பின்பக்கத்து நிலத்தில் பிறை மாதிரி வெடிப்பு ஓடினால், இல்லாத இடத்தில் ஊற்றுப் பிறந்து கலங்கலாக வந்தால், மரம் சாய்ந்தால், அதை முதலில் பார்க்கிறவன் அவன்தான். இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? வெடிப்பில் சாந்தை அடைத்து வெள்ளையடித்து, கூலி வாங்கிக்கொண்டு போகிறோம். 'இங்கே நான் வேலை செய்யமாட்டேன், கிராம சேவகரிடம் சொல்லுங்கள்' என்று சொல்லத் தெரிந்த மேசன் எங்களுக்கு வேண்டும். சரிவு தாங்குகிற சுவர் கட்டும்போது தண்ணீர் வடிகிற துளை விடாமல் கட்டினால் அந்தச் சுவரே எமன். இதையும் நான் முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எப்படிப் பழக்குவது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஒன்று எடுக்க நானும் போனேன். அனுபவத்தை வைத்தே அந்தச் சான்றிதழைக் கொடுக்கிற முறை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போனேன். போன இடத்தில் தமிழில் பேச ஆளில்லை. சிங்களம் எனக்குக் கொழும்புத் தெருச் சிங்களம், சமாளித்துவிட்டேன். கூட வந்த இரண்டு பையன்கள் கேள்வி விளங்காமல் 'ஓம், ஓம்' என்று தலையாட்டிவிட்டுத் தோற்றுப்போனார்கள். ஒன்பது அங்குலச் சுவரை என்னைவிட நேராக எழுப்புகிறவர்கள் அவர்கள். என்னிடம் கேட்ட கேள்விகளில் ஈரத்தைப் பற்றியோ, சுண்ணாம்பைப் பற்றியோ, பழைய சுவரைப் பற்றியோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் புதிதாகக் கட்டுவதைப் பற்றித்தான்.

அதனால் வகுப்பறையைத் தூக்கி லயத்துக்குக் கொண்டுவாருங்கள். நல்ல மேசன்மாரின் கையில் ஏற்கெனவே தொழில் இருக்கிறது, அவர்களுக்கு ஆறு மாதப் பாடம் தேவையில்லை. ஒரு உண்மையான கட்டடத்தைக் கொடுத்து, கான் எடுப்பதிலிருந்து கூரை வரைக்கும் ஒழுங்காகத் திருத்தவிட்டு, தமிழில் கேட்டு, தமிழில் மதிப்பிட்டு, அந்த வேலைக்கே சான்றிதழ் கொடுங்கள். பயிற்சி நாளுக்குக் கூலி வேண்டும். அதில் தயவு வேண்டாம். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் தீர்மானித்தார்கள், கொழும்பில் மேசனுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சும்மா வந்து படி என்றால் வேலை தெரிந்தவன் வரமாட்டான். வேலை கிடைக்காதவன்தான் வருவான், அவனும் மதியச் சாப்பாட்டோடு போய்விடுவான்.

பெண்களையும் கூப்பிடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மலையகம் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பது யார்? எங்கள் அக்கா தங்கைமார்தான். சுண்ணாம்புப் பூச்சுக்குப் பலத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டும். கொழுந்து கிள்ளுகிற விரலுக்கு அது இருக்கிறது. என் மனைவிதான் எங்கள் வீட்டில் கடைசிப் பூச்சைத் தேய்த்தவள். என் பூச்சைவிட அவள் பூச்சுத்தான் வெடிக்காமல் நிற்கிறது. இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

கம்பனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நிலம் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் உங்களுடையது, உள்ளே கிடப்பது நாங்கள். ஒரு ஜன்னல் வெட்டவும் தோட்ட மேலாளரான துரையிடம் போய் நிற்கவேண்டும். 'பார்ப்போம்' என்பார். அந்தப் 'பார்ப்போம்' என் தாத்தா காலத்தில் தொடங்கியது. எதை எதை அனுமதி கேட்காமல் திருத்தலாம், எதற்குக் கேட்கவேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஒட்டிவிடுங்கள். இவ்வளவுதான் உங்களிடம் கேட்பது.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவிலிருந்து தொடங்கலாம் என்பேன். அது யாருடைய சொந்த வீடும் இல்லை, ஆகவே சண்டை வராது. எங்கள் தோட்டத்தில் உள்ளதும் பழைய கல்சுவர்தான். கீழே முக்கால் அடி உயரத்துக்கு உப்பு, மேலே தகரம், நடுவே தொட்டில்கள். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மாலையில் எடுக்கிறார்கள். தோட்டத்துக்கு ஒன்று என்று கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது. ஒன்றைத் திருத்தினால் ஆறு பேர் பழகுவார்கள், அந்த ஆறு பேரும் அடுத்த தோட்டத்தில் ஆளுக்கு ஆறு பேரைப் பழக்குவார்கள்.

சுவரைக் காயவிட்டுச் சுண்ணாம்பு பூச எங்கள் பக்கம் நல்ல காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைக்கும். அதற்கு முன்னால் கான் எடுத்து மண் வெட்டி முடிந்திருக்கவேண்டும். ஆக, தீபாவளிக்கு முன்பே நீங்கள் வந்து இடத்தைப் பார்த்தாக வேண்டும். மழை நாளில் வாருங்கள். வெயில் நாளில் எந்தச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும். மேல் லயத்துப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது, ஏணி ஏறமாட்டார், ஆனால் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுப்பார். கையாள் உட்பட ஆறு பேர் நாங்கள் இருக்கிறோம். கரண்டியும் தூக்குக்குண்டும் எங்களிடம் உண்டு. சுண்ணாம்பும் மணலும் கூலியும் நீங்கள் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மேசன்,
மஸ்கெலியாப் பக்கம்